ஏலத்தில் எடுத்த காரைத் தர மறுக்கிறார், என்ன செய்யலாம்?

வேகன்பிரியன்:
வணக்கம். ஆறு நாளாகச் சரியான தூக்கமில்லை. கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆன்லைன் ஏலத்தில் ஒரு ஸ்டேஷன் வேகன் எடுத்தேன். மேனுவல் கியர், ஒரே உரிமையாளர், சர்வீஸ் ரசீதுகளை எல்லாம் ஸ்கேன் செய்து போட்டிருந்தார். இந்த மாடலில் மேனுவல் கிடைப்பது அபூர்வம், இரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தேன். குறைந்தபட்ச விலை எதுவும் இல்லை என்று விளம்பரத்திலேயே இருந்தது. கடைசி இரண்டு நிமிடத்தில் ஒருவர் விடாமல் விலையை ஏற்றினார். கடைசியில் எனக்கே விழுந்தது. ஏலம் உங்களுக்கே என்று தளத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. வாங்குபவர் கட்டணத்தையும் கார்டில் எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் விற்பவர் போனில் நன்றாகத்தான் பேசினார். அதற்கடுத்த நாள் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள், வீட்டில் விற்க வேண்டாம் என்கிறார்கள் என்றார். நான்காம் நாள் காரணம் மாறியது: கியர்பாக்ஸில் சத்தம் வருகிறது, இதை உங்கள் தலையில் கட்ட மனசு வரவில்லை, நீங்களே ரத்துக்குச் சம்மதித்துவிடுங்கள் என்று குறுஞ்செய்தி. நேற்றுப் பார்த்தால் அதே கார், அதே படங்களோடு வேறொரு விளம்பரத் தளத்தில் இருக்கிறது. என் ஏலத்தொகையைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் விலை. கியர்பாக்ஸ் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

காரை ஏற்றிவர லாரிக்குக் கொடுத்த அட்வான்ஸ் திரும்ப வராது. இருவரும் சம்மதித்தால் ஏலத்தை ரத்து செய்து கட்டணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று தளம் ஒரு பட்டன் அனுப்பியிருக்கிறது. அழுத்திவிடலாமா?

ஸ்பானர்:
அழுத்தாதீர்கள். அழுத்தினால் ஒப்பந்தத்தை நீங்களும் சேர்ந்து கைவிட்டதாக ஆகிவிடும். அப்புறம் லாரிப் பணம்கூடக் கேட்க முடியாது. பேச்சுவாக்கில் "சரி, பரவாயில்லை" என்றும் எழுதிவிடாதீர்கள்.

இன்றே ஏலப் பக்கம் முழுவதையும் பிடிஎஃபாகச் சேமியுங்கள். யார் எப்போது எவ்வளவு கேட்டார்கள் என்ற பட்டியல், வெற்றி மின்னஞ்சல், கட்டண ரசீது, குறுஞ்செய்திகள் எல்லாம் வேண்டும். இரண்டாவது விளம்பரத்தை முகவரியும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அது எப்போது வேண்டுமானாலும் காணாமல் போகும். சேஸிஸ் நம்பர் எந்தப் படத்திலாவது தெரிகிறதா பாருங்கள். அதே படம் என்பதைவிட அதே நம்பர் என்பது வலுவான சாட்சி.

இனி போன் வேண்டாம், எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

மூன்றாம்கை:
எனக்கு இதே நடந்தது, ஒரு பிக்கப் வண்டியில். நான் விட்டுவிட்டேன், இன்றுவரை அதில் வருத்தமில்லை. விற்க மனமில்லாதவரிடம் வலுக்கட்டாயமாக வாங்கும் காரில் என்ன கழற்றியிருப்பார், எதை மறைத்திருப்பார் என்று ஒவ்வொரு நாளும் யோசிக்க வேண்டியிருக்கும். உங்கள் நிம்மதிக்கும் ஒரு விலை உண்டு.

சட்டப்பார்வை:
மூன்றாம்கை சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் விட்டுவிடுவதா என்பதைக் கடைசியில் முடிவு செய்துகொள்ளலாம். அதற்குமுன் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

முதலில் தளத்தின் விதிமுறை. எல்லாத் தளத்திலும் ஏலத்தில் ஜெயித்தாலே விற்பனை முடிந்தது என்று அர்த்தமில்லை. ஈபேயின் அமெரிக்க விதிகளில் கார்களுக்கான ஏலம், வாங்கும் தீவிர விருப்பத்தைக் காட்டுவது மட்டுமே, அது கட்டுப்படுத்தாது. உங்கள் தளத்திலும் அப்படி இருந்தால் வழக்குக்குப் பெரிய பலமில்லை. 'வெற்றி பெற்ற ஏலம் இருவரையும் கட்டுப்படுத்தும்' என்று இருந்தால் கதையே வேறு. குறைந்தபட்ச விலை இல்லை என்று அறிவித்ததும் உங்களுக்குச் சாதகம், விலை போதவில்லை என்ற சாக்கை அவர் சொல்ல முடியாது.

ஜெர்மனியின் உச்ச நீதிமன்றத்துக்குக் கார் ஏல வழக்குகளே பல வந்திருக்கின்றன. 2001-இல் ஒரு புது பஸ்ஸாட் கார். பட்டியல் விலை 57,000 மார்க் (யூரோவுக்கு முந்தைய ஜெர்மன் நாணயம்) அளவில், ஏலம் 26,350 மார்க்கில் முடிந்தது. விற்பவர் மறுத்தார், ஒப்பந்தம் செல்லும் என்றது நீதிமன்றம். 2014-இல் இன்னொரு பஸ்ஸாட், ஒரு யூரோவில் தொடங்கிய ஏலம். வெளியே 4,200 யூரோவுக்கு ஆள் கிடைத்ததும் விற்பவர் ஏலத்தைப் பாதியில் நிறுத்தினார். அப்போது ஏலம் கேட்டிருந்தவர் ஒருவர்தான், அதுவும் ஒரு யூரோவில். காரின் மதிப்பு 5,250 என்று கணக்கிட்டு, அவருக்கு 5,249 யூரோ நஷ்டஈடு கிடைத்தது. நஷ்டஈட்டுக் கணக்கு பெரும்பாலும் இப்படித்தான்: சந்தை மதிப்பில் உங்கள் ஏலத்தொகையைக் கழித்த மிச்சம், அதோடு வீணான செலவு. இரண்டாவது விளம்பரத்தின் விலை அவர் கேட்கும் விலை மட்டுமே, அதுவே மதிப்பாகிவிடாது. ஒரு மதிப்பீட்டாளரின் அறிக்கை வாங்குங்கள்.

காரையே கொடு என்று நீதிமன்றம் உத்தரவிடுவது அரிது, வேறெங்கும் கிடைக்காத பொருள் என்று காட்ட வேண்டும். ஆஸ்திரேலியாவில் விர்ரவே என்ற பழைய போர் விமானத்தை ஈபேயில் 1,50,000 டாலருக்கு ஒருவர் எடுத்தார், விற்பவர் மறுத்தார். 2007-இல் விமானத்தையே ஒப்படைக்கச் சொன்னது நியூ சவுத் வேல்ஸ் நீதிமன்றம். வேகனுக்கு அந்த அளவு வாதம் நிற்குமா என்பது சந்தேகம்தான்.

உங்கள் நாட்டுச் சட்டத்தை உள்ளூர் வக்கீலிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

ஸ்பானர்:
ஒன்று விட்டுப்போனது. அந்தக் கியர்பாக்ஸ் கதைக்கு ஒரே ஒரு வரி எழுதுங்கள்: "சத்தம் இருந்தாலும் இருக்கும் நிலையிலேயே எடுத்துக்கொள்கிறேன், பணம் தயார், எந்த நாள் வரட்டும்?" அத்தோடு அந்தக் காரணம் போயிற்று. நீங்கள் பின்வாங்கவில்லை என்பதற்கும் அதுவே சாட்சி.

ஆனால் அவசரப்பட்டுத் தளத்துக்கு வெளியே அவர் கணக்குக்குப் பணம் அனுப்பிவிடாதீர்கள். இப்படி இழுபறியில் இருக்கும்போது விற்பவர் பெயரில் போலி மின்னஞ்சல் அனுப்பிப் பணம் பறிப்பவர்களும் உண்டு.

வேகன்பிரியன்:
விதிமுறையைப் படித்தேன். இருவரையும் கட்டுப்படுத்தும் என்று தெளிவாக இருக்கிறது. ஆனால் அடுத்த பத்தியிலேயே, விற்பனையில் தளம் ஒரு தரப்பு அல்ல என்றும் இருக்கிறது. நீங்கள் சொன்ன வரியை அனுப்பிவிட்டேன். இன்னொரு சந்தேகம். கடைசியில் என்னோடு போட்டிபோட்டவரின் கணக்கு ஏலத்துக்கு முந்தின நாள்தான் தொடங்கப்பட்டிருக்கிறது. விற்பவரே இன்னொரு பெயரில் வந்திருப்பாரோ?

சட்டப்பார்வை:
புதுக் கணக்கு என்பது மட்டும் ஆதாரமாகாது, ஆனால் தளத்திடம் விசாரிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவர்களிடம்தான் பதிவுகள் இருக்கும். 2016-இல் அதே ஜெர்மன் நீதிமன்றத்தில் ஒரு ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் கார் வழக்கு: விற்பவரே இரண்டாவது கணக்கில் வந்து விலையை ஏற்றியிருந்தார். அந்தப் போலி ஏலத்தொகைகளைக் கணக்கில் எடுக்காமல், உண்மையாக ஏலம் கேட்டவருக்கு 1.50 யூரோவில் விற்பனை முடிந்ததாகத் தீர்ப்பு. நஷ்டஈடு சுமார் 16,500 யூரோ.

தளம் ஒரு தரப்பு அல்ல என்பதால் காரை வாங்கித் தரும் பொறுப்பு அதற்கு இல்லாமல் போகலாம். கட்டணத்தைத் தனியாகக் கேளுங்கள், பட்டனோடு அதை முடிச்சுப் போட விடாதீர்கள்.

அடுத்து விற்பவருக்கு 14 நாள் கெடு வைத்து ஒரு கடிதம், கையெழுத்து வாங்கிக் கொடுக்கும் தபாலில். காரைத் தாருங்கள், இல்லையென்றால் இவ்வளவு நஷ்டஈடு என்று தொகையோடு. கோபமான வார்த்தை ஒன்றுகூட வேண்டாம்.

வேகன்பிரியன்:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கடிதம் கிடைத்த நான்காம் நாளே அவர் அழைத்தார், எழுத்தில் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டேன். காரை வேறொருவருக்கு விற்றாகிவிட்டதாம். அதைப் படித்ததும் மனசு ரொம்பவே கஷ்டப்பட்டது. லாரி அட்வான்ஸ் முழுவதும், மதிப்பு வித்தியாசத்தில் பாதியும் தருவதாக எழுதியிருக்கிறார். கட்டணத்தைத் தளம் நேற்றே திருப்பிவிட்டது, பட்டனை நான் தொடவே இல்லை. போட்டிக் கணக்கைப் பற்றி மட்டும் இன்னும் பதில் வரவில்லை. வழக்குக்கு அலைய எனக்குத் தெம்பில்லை, ஏற்றுக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று கையெழுத்து கேட்கிறார்.

சட்டப்பார்வை:
ஏற்றுக்கொள்ளுங்கள், நல்ல முடிவுதான். ஆனால் பணம் உங்கள் கணக்கில் ஏறிய பிறகே கையெழுத்து. தொகையும் கடைசித் தேதியும் அந்தக் காகிதத்திலேயே இருக்கட்டும்.

வேகன்பிரியன்:
பணம் வந்துவிட்டது, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மேனுவல் வேகன் எங்காவது கண்ணில் பட்டால் சொல்லுங்கள், தேடல் தொடர்கிறது.