ஹெசிடேஷன் பிட்ச்: ‘தயக்க வீச்சு’ வேண்டாம், ‘தரிப்பெறி’ எனலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

விளையாட்டுச் சொற்பட்டியலில், பேஸ்பாலில் மட்டையாளரை ஏமாற்ற இடையில் சற்று நின்று எறியும் ‘ஹெசிடேஷன் பிட்ச்’ என்பதற்குத் ‘தயக்க வீச்சு’ முன்மொழியப்பட்டிருக்கிறது. இரண்டு பாதியையும் மாற்ற வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் ‘வீச்சு’. கிரிக்கெட்டில் மடக்கிய முழங்கையை நிமிர்த்திப் பந்தை விட்டால் அது எறிதல். நடுவர் நோபால் கொடுத்துவிடுவார். பேஸ்பாலிலோ மடக்கி எறிவதுதான் ஆட்டமே. எனவே மட்டையாளருக்குப் பந்து எறியும் பிட்சர் எறிவாளர், பிட்ச் எறி. பந்துவீச்சாளரோடு குழப்பம் வராது.

‘தயக்கம்’ அதைவிடப் பெரிய தவறு. இந்த எறிக்குப் புகழ் சேர்த்தவர் அமெரிக்கக் கறுப்பின எறிவாளர் சாட்செல் பேஜ். அலபாமாவின் மொபீல் நகரில் 1906இல் பிறந்தவர். அவருடைய உச்ச ஆண்டுகளில், அமெரிக்க பேஸ்பாலின் முதன்மைப் போட்டியமைப்பான மேஜர் லீகின் அணிகள் கறுப்பினத்தவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கான்சஸ் சிட்டி மோனார்க்ஸ் முதலிய, கறுப்பினத்தவருக்கெனத் தனியே இருந்த நீக்ரோ லீக் அணிகளுக்காகவும், ஊர் ஊராகச் சென்று ஆடிய குழுக்களிலும் எறிந்தார். தேனீப் பந்து, தொல்லைப் பந்து என்று தம் எறிகளுக்குத் தாமே பெயர் சூட்டுவார். வெளிக்களத்தில் நிற்பவர்களை உள்ளே வரச் சொல்லிவிட்டு மட்டையாளரை வெளியேற்றிக் காட்டுவார். அவருக்கா தயக்கம்?

அந்த எறியைக் கூர்ந்து பாருங்கள். இடது காலை உயரத் தூக்கி முன்னே ஊன்றுவார். வழக்கமாகக் கால் ஊன்றியதுமே கை சுழன்று வரும். அதைக் கணக்கில் வைத்தே மட்டையாளர் மட்டையைச் சுழற்றத் தொடங்குவார். பேஜின் கால் ஊன்றியிருக்கும், கை மட்டும் பின்னால் நின்றிருக்கும். மட்டையாளர் அவசரப்பட்ட பிறகே பந்து கிளம்பும். அது திட்டமிட்ட தரிப்பு. போகிற போக்கில் சற்று நின்று மீண்டும் தொடர்வதைத் தரித்தல் என்பது நல்ல தமிழ். இலங்கையில் பஸ் தரிப்பிடம் அன்றாடச் சொல். அதனால்தான் ‘தரிப்பெறி’ என்கிறேன். ‘நிறுத்தெறி’ என்றால் எறிவதையே நிறுத்திவிட்டதுபோல் ஒலிக்கிறது.

விளக்கக் குறிப்பில் பேஜின் பெயர் கட்டாயம் இடம்பெற வேண்டும். 1948இல், 42 வயதில், கிளீவ்லண்ட் இந்தியன்ஸ் அணி வழியாக மேஜர் லீகில் நுழைந்தார். எறிவாளராக அவர் கணக்கில் ஆறு வெற்றி, ஒரு தோல்வி. அணி அவ்வாண்டு மேஜர் லீகின் இறுதித் தொடரான உலகத் தொடரையும் வென்றது. மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகின் தலைவர் வில் ஹாரிட்ஜ் இந்த எறிக்குத் தடை விதித்ததும் அதே ஆண்டில்தான். 1965இல், 59 வயதில், கான்சஸ் சிட்டி அத்லெடிக்ஸுக்காக மூன்று இன்னிங்ஸ் எறிந்து ஒரே ஒரு ஹிட் (மட்டையாளர் அடித்துத் தளத்தை எட்டுவது) மட்டும் கொடுத்தார். 1971இல் பேஸ்பால் புகழரங்கம் (ஹால் ஆஃப் ஃபேம்) சேர்ந்தார். மேஜர் லீக் அவருக்கு இருபது, முப்பது வயதுகளிலேயே கிடைத்திருக்க வேண்டிய களம் என்பதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

இதையொட்டி இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. தளத்தில் ஓட்டக்காரர் இருக்கும்போது எறிவதுபோல் தொடங்கி எறியாமல் விடுவது ‘பாக்’ என்னும் விதிமீறல்களில் ஒன்று. ‘பொய்யெறி’ என்று எண்ணிப் பார்த்தேன். ஆனால் மட்டையாளரை ஏமாற்றும் எறிகளையும் அது குறித்துவிடும். பேஸ்பால் பார்க்கும் நண்பர்கள் இதைவிடப் பொருத்தமான சொல்லைத் தர வேண்டும்.