ஓசையில்லாத மூன்று நிமிடம்: செங்கோட்டை – புனலூர் மீட்டர் கேஜ் நினைவுகள்

சாரல்:

என் மாமாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. சிங்கப்பூரில் மகனோடு இருக்கிறார். போன மாதம் வீட்டை ஒழித்தபோது ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் சூப்பர் 8, அதாவது வீட்டுக் கேமராவில் சினிமா மாதிரி ஓடும் படம் எடுக்கிற ஃபிலிம், சுருள் ஒன்று கிடைத்ததாம். டப்பா மேல் மாமா கையெழுத்தில் 'தென்காசி – கொல்லம்' என்று மட்டும் இருந்தது. மச்சான் அதைக் கடையில் கொடுத்து, கணினியில் பார்க்கிற மாதிரி மாற்றி எங்களுக்கு அனுப்பினார்.

ஐம்பது அடிச் சுருள். ஓடுவது 3 நிமிடம் 20 விநாடி. முதலில் செங்கோட்டை ஸ்டேஷன். கரி எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கிறார்கள். கருஞ்சிவப்புப் பெட்டிகள். பாவாடை சட்டையில் ஒரு சிறுமி, கையில் தூக்குச்சட்டி, கேமராவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அது என் அம்மா. அப்புறம் ஜன்னல் வழியே மலை. இவ்வளவு பச்சையை நான் எந்தப் பழைய படத்திலும் பார்த்ததில்லை. வண்டியின் நிழல் சரிவில் ஓடுகிறது. குகைக்குள் நுழைந்ததும் பத்து விநாடிக்கு ஒன்றுமே தெரியவில்லை. பிறகு வெளிச்சம், பதிமூன்று கண் பாலத்தின் கைப்பிடிச் சுவர், அடுத்தது தென்மலை. கடைசி ஒரு நிமிடம் முழுக்க மலையும் புகையும்தான், முன்னாலும் பின்னாலும் புகை. சட்டென்று வெள்ளையாகி முடிந்துவிடுகிறது.

எந்த வருஷம் என்று மாமாவுக்கு நினைவில்லை. ஒரு பெட்டியின் பக்கவாட்டில் மூன்று கோடு, அதாவது மூன்றாம் வகுப்பு என்ற அடையாளம், தெளிவாகத் தெரிகிறது. மூன்றாம் வகுப்பை 1974-இல் எடுத்துவிட்டார்கள். ஆக அதற்கு முன்புதான். அம்மாவுக்குப் பத்துப் பதினொரு வயது இருக்கலாம்.

அம்மா இரண்டு தடவை பார்த்துவிட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சத்தம் எங்கலே?"

அந்தக் கேமராவில் சத்தம் பதியாது. அதைச் சொன்னேன். "அப்போ இது என்ன ரயிலு" என்று எழுந்து போய்விட்டாள்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். அந்த வண்டியில் போனவர்கள், பாதையோரம் இருந்தவர்கள் யாராவது இருந்தால், காதில் விழுந்ததை எழுதுங்கள். படம் என்னிடம் இருக்கிறது. அதற்குச் சேர வேண்டிய ஓசைதான் இல்லை.

கீமேன் மகன்:

தம்பி, என் அப்பா அந்தப் பாதையில் கீமேன். ஆரியங்காவுக்கும் பகவதிபுரத்துக்கும் நடுவில் அவருடைய நடை. காலையில் தோளில் சுத்தியலும் திருகுச் சாவியும் போட்டுக்கொண்டு கிளம்பினால் தண்டவாளத்தைப் பார்த்தபடியே நடப்பார். தண்டவாளத்தைக் கட்டையோடு இறுக்கிப் பிடிக்கும் சாவிகள் இருக்கும். வண்டி ஓடி ஓடி அவை தளரும். சுத்தியலால் ஒரு தட்டு. இறுக்கமாக இருந்தால் 'ணங்' என்று சத்தம் நீண்டு போகும். தளர்ந்திருந்தால் 'டொக்' என்று அங்கேயே செத்துவிடும். அப்பா குனியக்கூட மாட்டார், காதாலேயே பார்த்துவிடுவார். பள்ளிக்கூடம் லீவு விட்டால் நானும் கூடப் போவேன். என்னைக் கேட்டால் அந்த ரயிலின் முதல் சத்தம் இதுதான். வண்டி வருவதற்கு முன்பே கேட்கும் சத்தம்.

குகைக்குள் அப்பா இருக்கும்போது வண்டி வந்துவிட்டால், ஆள் ஒதுங்கி நிற்பதற்குச் சுவரில் மாடம் மாதிரி குடைந்து வைத்திருப்பார்கள். அதில் போய் ஒண்டிக்கொண்டு ஈரத் துண்டை முகத்தில் கட்டிக்கொள்வார். ஒருமுறை நானும் உடன் இருந்தேன். வண்டி வருவது முதலில் காதுக்குத் தெரியாது, முதுகுக்குத்தான் தெரியும். பாறை அதிரும். பிறகு காதை அடைக்கிற மாதிரி ஓர் இரைச்சல். அதற்குள் தனித்தனியாக எதுவும் பிரித்துக் கேட்க முடியாது. பெட்டிகள் போன பிறகும் புகை போகாது. கந்தக வாடை. அப்பா என் தலையைத் தன் வயிற்றோடு அழுத்திப் பிடித்திருந்தார். அவர் இருமுவது என் காதுக்குள் கேட்டது.

மழைக்காலத்தில் ராத்திரி ரோந்து உண்டு. மண் சரிந்திருந்தால் வண்டியை நிறுத்த, தண்டவாளத்தில் வைக்கிற வட்டமான சின்னத் தகர டப்பா ஒன்று கொடுத்திருப்பார்கள். சக்கரம் ஏறினால் வெடிக்கும். டிரைவர் அந்தச் சத்தம் கேட்டதும் பிரேக் போடுவார். அப்பா அதைப் பட்டாசு என்பார். கொட்டுகிற மழையில் எங்கேயாவது அது வெடித்தால் குவாட்டர்ஸில் எல்லோரும் எழுந்து உட்கார்ந்துவிடுவோம். அம்மா விளக்கை ஏற்றி வைத்துவிட்டு அப்பா வரும்வரை வாசலிலேயே நிற்பாள்.

இன்னொன்று. உங்கள் படத்தின் கடைசி நிமிடத்தில் பின்னாலும் புகை தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அது கொல்லம் போகிற வண்டியாக இருக்காது. புனலூர்ப் பக்கமிருந்து மலை ஏறுகிற வண்டியாக இருக்கும். அந்தப் பக்கத்து ஏற்றம்தான் நீளம். பின்னாலிருந்து தள்ள இன்னோர் எஞ்சின் சேர்ப்பார்கள். மாமா திரும்பி வரும்போது எடுத்திருப்பார், கேட்டுப் பாருங்கள்.

அந்த இரண்டு எஞ்சினின் சத்தத்தைச் சொல்லாமல் விட்டால் உங்கள் அம்மாவுக்குக் கணக்குத் தீராது. முன் எஞ்சின் கூவும். பின் எஞ்சின் பதிலுக்குக் கூவும். அதற்குப் பிறகுதான் வண்டி நகரும். ஏறும்போது இரண்டும் மூச்சு வாங்குவது கொஞ்ச நேரம் ஒரே தாளத்தில் சேரும், பிறகு பிரியும், மறுபடி சேரும். மலையில் எதிரொலி வேறு. எங்கள் வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொண்டே வண்டி எந்த வளைவில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

கொல்லம் மெயில்:

எங்களுக்குச் சென்னை. கோடை விடுமுறைக்கு எழும்பூரில் ஏறுவோம். எனக்குச் சொல்வதற்கு அதிகம் இல்லை, பாதி வழி தூங்கிவிடுவேன். குகை வரப்போகிறது என்றால் அப்பா எழுப்புவார். ஜன்னல் பலகைகளை வரிசையாக இறக்குகிற சத்தம் பெட்டியின் ஒரு முனையிலிருந்து நம்மை நோக்கி வரும். பட், பட், பட். அதற்குள் நாங்கள் பிள்ளைகள் எல்லாம் மூச்சை இழுத்து வைத்துக்கொள்வோம். இருட்டானதும் ஒரே கூச்சல். ஐந்து குகைக்கும் கத்தி முடித்தால் தொண்டை கட்டிப்போயிருக்கும்.

ஆச்சி பேரன்:

நான் கேட்ட சத்தம் இல்லை இது. என் ஆச்சி சொன்னது.

அறுபதுகளில் தமிழ்நாட்டிலிருந்து கேரளாவுக்கு அரிசி கொண்டுபோகக் கட்டுப்பாடு இருந்தது பெரியவர்களுக்குத் தெரியும். அந்தப் பக்கம் பஞ்சம், இந்தப் பக்கம் நெல். எங்கள் ஊர்ப் பெண்கள் பலர் இடுப்பைச் சுற்றித் துணிப்பையில் அரிசியைக் கட்டி, மேலே சேலையைச் சுற்றிக்கொண்டு வண்டி ஏறுவார்கள். ஆளுக்கு நாலு படி, ஐந்து படி. விற்றுவிட்டு மரச்சீனிக் கிழங்கும் கருவாடும் வாங்கி வருவார்கள். ஆச்சிக்கு நாலு பிள்ளைகள், தாத்தா அப்போதே இல்லை. அதை ஒரு தப்பாக ஆச்சி ஒருநாளும் பேசியதில்லை. நானும் அப்படி நினைக்கவில்லை.

ஒருநாள் பரிசோதனைக்காரர்கள் பெட்டியில் ஏறிவிட்டார்கள். எல்லோரும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆச்சியின் பை ஓரத்தில் தையல் விட்டுப்போய், பலகை மேல் அரிசி விழ ஆரம்பித்திருக்கிறது. ஒவ்வொரு மணியாக. வண்டி ஓடிக்கொண்டிருந்தவரை கவலை இல்லை. ஆரியங்காவில் நின்றதும் அந்தச் சத்தம் ஊருக்கே கேட்பது மாதிரி இருந்ததாம். எதிர்ப் பலகையில் இருந்த ஒரு மலையாளத்து அம்மா, மடியிலிருந்த கைக்குழந்தையைக் கிள்ளி அழவிட்டார். குழந்தை அழுத அழுகையில் அரிசி விழுந்தது யாருக்கும் கேட்கவில்லை. வந்தவர்கள் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்கள்.

ஆச்சி சாகும்வரை அந்தக் குழந்தைக்காக வருத்தப்பட்டாள். "என்னால பச்சப் புள்ள அழுதுச்சே" என்பாள்.

ஆயிரநல்லூர்:

நாங்கள் இலங்கையிலிருந்து வந்தவர்கள். 1964 இந்திய – இலங்கை ஒப்பந்தப்படி திருப்பி அனுப்பப்பட்ட மலையகக் குடும்பங்களுக்கு வேலை கொடுக்க, புனலூர்ப் பக்கம் குளத்துப்புழையிலும் ஆயிரநல்லூரிலும் ரப்பர் தோட்டம் போட்டார்கள். 1976-இல் அதற்கென்று ஓர் அரசு நிறுவனமும் வந்தது. என் பெற்றோர் தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, ரயிலில் புனலூர் வந்தார்கள். நான் அப்போது பிறக்கவில்லை. அம்மாவிடம் கேட்டு எழுதுகிறேன்.

அம்மாவுக்கு முதலில் பெட்டியே சின்னதாகத் தெரிந்திருக்கிறது. இலங்கையில் அட்டன் போகிற ரயில் அகலப்பாதை, பெட்டியும் அகலம். "இது என்ன விளையாட்டுச் சாமான் மாதிரி" என்று நினைத்தாராம். செங்கோட்டை தாண்டும்வரை வெயிலும் காய்ந்த நிலமும். முகாமிலிருந்து வந்தவர்கள் யாரும் பேசவில்லை. மலை வந்தது. தேயிலை வாடை வந்தது என்று அம்மா இன்றும் சொல்கிறார், அந்தப் பக்கத்தில் தேயிலைத் தோட்டம் உண்டு, ஆனால் ரயிலில் அந்த வாடை வந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. அம்மாவுக்கு வந்தது, அவ்வளவுதான்.

பிறகு குகை. அட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவே சிங்கமலைச் சுரங்கம் இருக்கிறது. சின்ன வயதில் அதற்குள் போகும்போதெல்லாம் அம்மாவும் கூட்டாளிகளும் கூச்சல் போடுவார்களாம். இங்கே குகை வந்ததும் மற்றப் பயணிகளின் பிள்ளைகள் 'ஓ'வென்று கத்தியிருக்கிறார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எங்கள் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக அழ ஆரம்பித்துவிட்டார்கள். வெளிச்சம் வந்தபோது எல்லோரும் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அப்பாகூட. அதற்கு முன் அப்பா அழுது பார்த்ததில்லை என்கிறார் அம்மா. கரித்தூள் கண்ணில் விழுந்துவிட்டது என்று அப்பா சொன்னாராம்.

இலஞ்சி:

என்னிடம் படம் இல்லை, சத்தம் இருக்கிறது.

மீட்டர் கேஜ் என்ற இந்தக் குறுகலான பாதையை அகலப்பாதையாக மாற்ற, 2010 செப்டம்பரில் வண்டியை நிறுத்தப்போகிறார்கள் என்று தெரிந்ததும் நாங்கள் மூன்று பேர் செங்கோட்டையிலிருந்து புனலூருக்குப் போனோம். 1904-இல் வந்த பாதை. செங்கோட்டையே அப்போது திருவிதாங்கூரில் இருந்தது, 1956-இல்தான் நம் பக்கம் சேர்ந்தது. எங்கள் தாத்தா இந்த ரயிலைக் 'கொல்லத்து வண்டி' என்பார், அவருடைய அப்பாவும் அப்படித்தான் சொன்னாராம். நான்கு தலைமுறை ஏறிய வண்டியில் கடைசியாக ஏறுகிறோம் என்ற நினைப்பு தொண்டையை அடைத்தது. பெட்டியில் நிற்க இடமில்லை. கேமரா இல்லாத ஆளே இல்லை. என் போனில் கேமரா சரியில்லை. அதனால் ரெக்கார்டரைப் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். 41 நிமிடம் பதிவாகியிருக்கிறது.

டீசல் எஞ்சின்தான், கரி எஞ்சின் எப்போதோ போய்விட்டது. ஆனால் தண்டவாள இணைப்பில் சக்கரம் விழுகிற ஓசை இருக்கிறது. குகைக்குள் அது கனமாகி வெளியே வந்ததும் லேசாகிறது. பதிமூன்று கண் பாலத்தின் மேல் வண்டி ஏறியதும் பெட்டி முழுக்கக் கைதட்டல். ஒரு பெரியவர் "மெதுவாப் போப்பா, மெதுவாப் போ" என்று டிரைவருக்குக் கேட்காது என்று தெரிந்தும் சொல்லிக்கொண்டே வருகிறார்.

2018-இல் அகலப்பாதை வந்த பிறகு அதிலும் போய்விட்டேன். அதே பாலம், அதே மலை, நல்ல வசதி. இரவு நேர வண்டி ஆனதால் ஒன்றும் தெரியவில்லை. பகல் வண்டியில் இன்னொரு முறை போக வேண்டும்.

சாரல், உங்கள் மின்னஞ்சலுக்குக் கோப்பை அனுப்பிவிட்டேன்.

சாரல்:

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அரிசிக் கதையை இரண்டாவது முறை வாசிக்கச் சொன்னாள்.

கீமேன் மகன் அண்ணாச்சி, நீங்கள் சொன்னது சரி. மாமாவிடம் போனில் கேட்டேன். போகும்போது மூன்றில் இரண்டு பங்கு எடுத்துவிட்டு, மிச்சத்தைத் திரும்புவதற்கு வைத்திருந்தாராம். "ரெண்டு எஞ்சின் இருந்துச்சு, எப்படிக் கண்டுபிடிச்சாங்க?" என்று ஆச்சரியப்பட்டார். உங்கள் பதிவை வாசித்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, பகவதிபுரத்தில் சுத்தியலோடு ஒருவர் ஓரமாக நின்று கையாட்டியதாகவும், அவரை எடுப்பதற்குள் சுருள் முடிந்துவிட்டதாகவும் சொன்னார். அது உங்கள் அப்பாவா என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? ஆனால் உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இலஞ்சி அனுப்பிய ஓசையைப் படத்தோடு சேர்த்து ஓடவிட்டேன். சேரவில்லை. டீசல் ஹாரன் கரி எஞ்சினோடு ஒட்டாது. குகையும் வேறு வேறு நேரத்தில் வருகிறது. படத்தை நிறுத்திவிட்டு ஓசையை மட்டும் போட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து வந்து கதவைப் பிடித்தபடி நின்றாள். குகைக்குள் ஓசை மாறிய இடத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். 41 நிமிடமும் நின்றே கேட்டாள். குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

இன்னொரு விஷயம். மாமாவிடம் இரண்டாவது சுருள் ஒன்று இருக்கிறது, இத்தனை வருஷமாகக் கழுவவே இல்லை. கோடாக்ரோம். அந்த வகைக் கலர் ஃபிலிமைக் கழுவிக்கொடுத்த கடைசி லேபும் 2010 முடிவோடு வாங்குவதை நிறுத்திவிட்டது. இப்போது கழுவினால் கருப்பு வெள்ளையாகத்தான் வருமாம், அதுவும் வந்தால். பச்சை தெரியாது, புகை தெரியலாம். தெரியாத ஆளிடம் கொடுக்கப் பயமாக இருக்கிறது. சென்னையிலோ பெங்களூரிலோ பழைய சூப்பர் 8 சுருளை இப்போதும் கையால் கழுவுகிறவர் யாரையாவது உங்களுக்கு நேரடியாகத் தெரிந்தால் சொல்லுங்கள். மச்சான் டிசம்பரில் வரும்போது கொண்டுவருகிறார்.