கீரையை அரைச்சு ஒளிக்கிறதா, பீங்கானில காட்டுறதா?

வாவிக்கரை (கல்லடி):
விசயம் இதுதான். ஒன்றரை வயசு தாண்டினதும் கனக்கப் புள்ளைகள் சோறும் சொதியும் பாலுமா நிண்டுபோகுதுகள். கீரையக் கண்டா வாயப் பொத்துது, மீனைத் துப்புது. அரைச்சு ஒளிச்சுக் குடுக்கிறதா, பீங்கானில தெரியத்தக்கதா வைக்கிறதா? நான் ரெண்டாவது கட்சி. ஒளிச்சுக் குடுத்தா சத்து உள்ளுக்குப் போகும், ஆனா கீரை தின்னப் புள்ள பழகாது.

சம்மாந்துறை ராத்தா:
தம்பி, பழகிற வரைக்கும் இரும்புச்சத்துக்கு எங்க போற? ஒண்டு முதல் மூணு வயசு வரைக்கும் நாளைக்கு 7 மில்லிகிராம் வேணும். பீங்கானில கிடந்து காயிற கீரை அதைக் குடுக்காது.

ஒரு கடையல் சொல்றன். மைசூர்ப் பருப்பு ரெண்டு மேசைக்கரண்டி, பூசணிக்காய் ஒரு துண்டு, உருவின முருங்கையிலை ஒரு பிடி. பருப்பு மசியத் தொடங்கின மறுகா இலையப் போட்டு, மூடாம நாலு நிமிசம். இறக்கிக் கடைஞ்சிட்டு நாலஞ்சு சொட்டுத் தேசிக்காய்ப்புளி. அது ருசிக்கு மட்டுமில்ல; பருப்பு, கீரையில இருக்கிற இரும்பை உடம்பு இழுக்க விற்றமின் சி உதவும். அடுப்பிலயே விட்டுக் கொதிக்கவச்சா அதுல கொஞ்சம் வீண். கன பேர் விடுற பிழை, இலைய ஈர்க்கோட போடுறது. ஈர்க்கு மசியாது. ஒரு நார் தொண்டையில முட்டினாப் போதும், புள்ள ஓங்காளிக்கும், மறுகா ஒரு கிழமைக்குப் பச்சை நிறத்தைக் கண்டாலே தலையத் திருப்பும்.

வாவிக்கரை:
கடையல் எட்டு மாசத்துப் புள்ளைக்குச் சரி ராத்தா. பத்து மாசத்துக்குள்ள கட்டிச் சாப்பாடு பழகாத புள்ளைகள்தான் பின்னுக்குக் கூடுதலா அடம்பிடிக்கிறதுகள். ரெண்டு வயசிலயும் மிக்ஸியில அடிச்சுக் குடுத்தா கடவாய்ப்பல்லுக்கு வேலையே இல்ல. ஒரு நாள் சும்மா சோறு குடுத்தா கொடுப்புக்குள்ள அதக்கிக்கொண்டு அரை மணித்தியாலம் இருக்கும். விழுங்கத் தெரியாமையில்ல, சப்பிப் பழக்கமில்ல.

பீங்கானில மூண்டு சாமான் வையுங்க. ரெண்டு தெரிஞ்சது, ஒண்டு புதுசு. புதுசு ஒரு தேக்கரண்டி போதும். வீட்டில மத்தவங்களும் அதையே பக்கத்தில இருந்து தின்ன வேணும். ‘ஆ காட்டு’ எண்டு கரண்டியோட துரத்தக்கூடாது. தொட்டா தொட்டது, துப்பினா துப்பினது. 25 நிமிசத்தில பீங்கானை எடுத்திருங்க, கோபம் காட்டாம. ஒரு சாமானை எட்டுத் தரத்தில இருந்து பதினஞ்சு தரம் வரைக்கும் கண்டு, தொட்டு, நக்கித்தான் புள்ள ஏத்துக்கொள்ளும். நம்மட வீடுகளில மூண்டாம் தரத்திலயே ‘இவனுக்குக் கீரை சரிவராது’ எண்டு தீர்ப்பு எழுதியாச்சு.

ஓட்டமாவடியான்:
ரெண்டு பேரும் கீரையிலயே நிக்கிறீங்க. முதல்ல பாலைக் கணக்குப் பாருங்க.

ஒரு நாளைக்கு 240 மில்லி போத்தல் மூணு, 720 மில்லி. 100 மில்லிக்கு 65 கலோரி எண்டு வச்சா 470 கிட்ட வரும். இந்த வயசில ஒரு நாளைக்குத் தேவையே 900 சொச்சம்தான். அரைவாசி வயிறு போத்தலால நிரம்பினா பீங்கானில வைரத்தை வச்சாலும் புள்ள பாராது. அத்தனை பசும்பாலிலயும் இரும்பு அரை மில்லிகிராம் தேறாது. இரும்பு சேர்த்த பால்மா எண்டா அந்தக் கணக்கு வேற, வயிறு நிரம்புறது ஒண்டுதான்.

500 மில்லிக்கு மேல வேணாம். போத்தலை விட்டுட்டுக் கப்பில, சாப்பாட்டுக்குப் பிறகு குடுங்க. பத்தரைக்கு பிளேன்டீயில பிஸ்கட் தோய்ச்சுக் குடுக்கிறதையும் விடுங்க. தேயிலைச் சாயம் இரும்பைப் பிடிச்சு வச்சிரும். ராத்தா விட்ட தேசிக்காய்ப்புளி செய்யிற வேலையை அது கெடுக்கும்.

சம்மாந்துறை ராத்தா:
பால் கதை சரி நானா, ஒத்துக்கொள்றன். ஆனா தம்பி சொல்ற முறை நிறை இருக்கிற புள்ளைக்குத்தான். கிளினிக் கொப்பியில நிறைக்கோடு ரெண்டு மாசமா தட்டையாக் கிடந்தா பதினஞ்சு தரம் எண்ணிக்கிட்டு இருக்க ஏலுமா? அந்த நேரம் போனைக் காட்டி நாலு வாய் தீத்தினா குடியா முழுகிப்போகும்?

வாவிக்கரை:
போன் காட்டித் தீத்தினா வயிறு நிரம்பினது புள்ளைக்கே தெரியாது. வாய் தானாத் திறக்கும், கண் போனில. மறுகா போன் இல்லாட்டி வாய் இல்ல.

நிறையைப் பத்தியும் ஒரு சொல். முதல் வருசம் பிறந்த நிறை மூண்டு மடங்காகும். ரெண்டாவது வருசம் முழுக்கக் கூடுறதே ரெண்டு, ரெண்டரைக் கிலோதான். பசி குறையிறது இயற்கை. உம்மம்மாக்கள் பயப்பிடுறது இதுக்குத்தான். கோடு தன்ர பாதையில ஏறிக்கொண்டிருந்தா விட்டிருங்க. தட்டையானா, கீழ இறங்கினா, மிட்வைஃப் மிஸ்ஸிட்டக் கொப்பியோட போங்க, அது வேற விசயம்.

களுவாஞ்சி அக்கா:
அந்தப் புள்ளைகளுக்குத்தான் கிளினிக்கில திரிபோஷா குடுக்கிறாங்க. சோளமும் சோயாவும் பால்மாவும் சேர்ந்த, முன்னமே வெந்த மா. கஞ்சியாக் காய்ச்சத் தேவையில்ல. கொதிச்சாறின தண்ணியும் தேங்காய்ப்பூவும் கொஞ்சம் சீனியும் போட்டுப் பிசைஞ்சு, சின்ன உருண்டையாப் பிடிச்சு, சாப்பாட்டுக்கு இடையில குடுங்க. சாப்பாட்டுக்குப் பதிலா இல்ல.

மீனை ஒருத்தரும் தொடயில்லையே. கீரி மீனில மயிர் போல முள்ளு, இந்த வயசுக்கு வேணாம். பாரை, சூரை எண்டா நடுமுள்ளோட வெட்டின துண்டை மஞ்சளும் உப்புக் கல்லு ஒண்டும் போட்டு அவிச்சு, வெளிச்சத்தில ரெண்டு விரலால நசுக்கி நசுக்கி உதிருங்க. ஒருக்கா பார்த்தாப் போதாது, ரெண்டாந்தரமும். உதிர்த்த மீன் ஆறினா வெடில் எழும்பும், புள்ள துப்புறது பாதி அதாலதான். சூட்டோட சொதியில நனைச்சுச் சோத்துக்குள்ள வையுங்க. நெத்தலிக் கருவாட்டுத் தூள் நல்லது எண்டு சிலர் சொல்றாங்க. அதில உப்பு அள்ளுப்பட்டது. கச்சான் (நிலக்கடலை) முழுசா எப்பவும் வேணாம், மூச்சுக்குழாயில போய் இறுகும்.

சம்மாந்துறை ராத்தா:
மீன் சரி அக்கா. கீரைக்கு இன்னொரு வழி சொல்றன், தம்பி என்ன சொல்றார் எண்டு பாப்பம். கீரைப் பிட்டு. வறுத்த அரிசிமா ஒரு கப், பொடியா அரிஞ்ச முருங்கையிலை கால் கப், தேங்காய்ப்பூ கால் கப். இலையக் கழுவி வடிச்சு, துணியில ஒத்தி எடுக்கோணும். ஈரத்தோட போட்டா வழமையான தண்ணிக்கே மா கட்டிபட்டு, அவியேக்க உள்ள பச்சை மாவா நிக்கும். தண்ணியத் தெளிச்சுத் தெளிச்சு, கடைசியாத்தான் இலை. பத்து நிமிசம் அவிச்சா போதும். அரைக்கயில்ல, சப்பித்தான் தின்னோணும்.

வாவிக்கரை:
அதுக்கு நானும் கை தூக்கிறன். ஆனா ராத்தா, அது ஒளிச்சதா, காட்டினதா?

சம்மாந்துறை ராத்தா:
வெள்ளை அரிசிமாவில காட்டினது. குரக்கன்மாவில ஒளிச்சது.