23.3 என்ற ஒரு எண்ணை வைத்து ஷெங்குனை ஒதுக்கலாமா?

பழைய சென்டர்:
என்பிஏ கூடைப்பந்தின் இளம் பிக் மேன்களில் (வளையத்தருகே ஆடும் உயரமான ஆட்டக்காரர்கள்) தாக்குதலில் சிறந்த ஐந்து பேர் என்று முப்பதடி நேற்று ஒரு பட்டியல் போட்டிருந்தார். அதில் ராக்கெட்ஸ் சென்டர் அல்பெரன் ஷெங்குன் இல்லை. காரணம் ஒரே வரி: "2024-25இல் த்ரீ 23.3 சதவீதம், பேச்சு முடிந்தது." அதாவது வளைவுக்கோட்டுக்கு வெளியிலிருந்து எறியும் மூன்று புள்ளி ஷாட்டில் நூற்றுக்கு 23தான் விழுகிறதாம். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அதே சீசனில் ஆட்டத்துக்கு 19.1 புள்ளி, 10.3 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டைப் பிடிப்பது), 4.9 அசிஸ்ட் (புள்ளியாக முடியும் பாஸ்). சிறந்தவர்கள் ஆடும் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்கும் தேர்வு. எண்களை விடுங்கள், ஆட்டத்தைப் பாருங்கள். போஸ்டில், அதாவது வளையத்தருகே அதற்கு முதுகைக் காட்டியபடி, பந்தை வாங்குகிறார், முதுகில் டிஃபெண்டர் ஒட்டி நிற்கிறார். தோளை நடுப்பக்கமாக ஒரே ஒரு வெட்டு. டிஃபெண்டரின் எடை முழுக்க அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. ஊன்றிய பிவட் கால் இம்மி நகராமல் பேஸ்லைன் (வளையத்துக்குப் பின்னுள்ள எல்லைக்கோடு) பக்கம் திரும்பிவிடுகிறார். அடைக்க இரண்டாவது ஆள் வந்தால், அதற்குள் பந்து கார்னரில் நிற்பவர் கையில். இதையெல்லாம் பார்த்த பிறகும் 23.3 என்கிறவர் ஆட்டம்தான் பார்க்கிறாரா?

முப்பதடி:
பார்க்கிறேன் ஐயா, அதனால்தான் சொல்கிறேன். 23.3. அவரைக் காப்பவர் வளைவுக்கோடு வரை வரவே வேண்டாம், வளையத்துக்கு முன்னுள்ள பெயிண்டுக்குள் ஒரு காலை வைத்துக்கொண்டு நிற்கலாம். அப்புறம் அவர் அணியின் அமென் தாம்சன் உள்ளே பாய இடம் எங்கே? இன்னொரு இளம் பிக் மேன் செட் ஹோம்கிரன் ஆடிய முதல் சீசனிலேயே த்ரீ 37 சதவீதம். அவர் வெளியே நின்றாலே எதிரணி சென்டர் ரிம்மை (வளையத்தை) விட்டு வந்தாக வேண்டும். இந்தக் காலத்தில் பிக் மேனுக்குத் திறமை என்றால் அதுதான்.

பழைய சென்டர்:
சும்மா நிற்பது திறமையா? நல்லது. 2018-19இல் டென்வர் சென்டர் யோகிச்சின் த்ரீ எவ்வளவு தெரியுமா? 30.7. அந்த வருடம் அவர் ஆல்-என்பிஏ முதல் அணியில், அதாவது சீசனின் சிறந்த ஐவரில், இருந்தார். உங்கள் கணக்குப்படி அவரும் திறமை இல்லாதவர்தான்.

முப்பதடி:
30.7 வேறு, 23.3 வேறு. யோகிச் அந்த சீசனில் ஃப்ரீ த்ரோவில் 82 சதவீதம், ஷெங்குன் 2024-25இல் 69. யாரும் மறிக்காத இடத்திலிருந்தே மூன்றில் ஒன்று தவறுகிறது. கையில் ஷாட் இருக்கிறதா என்பதை ஃப்ரீ த்ரோ கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

ரீபவுண்ட் ராணி:
அந்த 23.3 எத்தனை ஷாட்டுக்கு என்று யாராவது சொல்லுங்களேன். ஆட்டத்துக்கு ஒன்றோ இரண்டோதான் எறிகிறார். அதே ஆள் 2022-23இல் 33.3. இப்படி ஏறி இறங்கும் எண்ணைப் பிடித்துத் தொங்குகிறீர்களே. சென்டர் புரூக் லோபஸ் முதல் எட்டு சீசனும் சேர்த்து 31 த்ரீ எறிந்து 3 போட்டவர். ஒன்பதாவது சீசனில் மட்டும் 134 போட்டார். அந்த சீசனை 22 வயதில் ஆடிய பையனுக்கு இப்போதே தீர்ப்பு எழுத வேண்டுமா?

முப்பதடி:
லோபஸ் ஆயிரத்தில் ஒருவர். நாளை போடுவார் என்று இன்றைய பட்டியலில் இடம் கொடுக்க முடியாது. 2024-25இல் 23.3.

பெஞ்சுக்காரன்:
பழைய சென்டர் சார், 2015இல் நீங்கள் சென்டர் ஜலீல் ஒகாஃபருக்குப் பாடிய பாட்டு எனக்கு மறக்கவில்லை. அப்போதும் இதே "கால் வேலை", இதே "தோள் வெட்டு". ட்ராஃப்டில் (அணிகள் புதியவர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) மூன்றாவது பிக், முதல் சீசனில் 17.5 புள்ளி, அணி 10 வெற்றி 72 தோல்வி. அதற்குப் பின் எங்கே போனார்? அதே ட்ராஃப்டில் முதலாவதாகப் போன பிக் மேன் டவுன்ஸ் 2022இல் த்ரீ போட்டியையே ஜெயித்தார். அன்று அவரை "மென்மையான ஆள்" என்றது யார்?

பழைய சென்டர்:
வந்துவிட்டாரா! பத்து வருடமாக இதையே சுமந்துகொண்டு திரிகிறார். ஒகாஃபரிடம் பந்து போனால் திரும்பி வராது. அந்த சீசனில் அவருக்கு ஆட்டத்துக்கு 1.2 அசிஸ்ட், ஷெங்குனுக்கு 4.9. இரண்டையும் ஒரே தராசில் வைப்பவருக்கு என்ன சொல்ல? இன்னொரு இளம் பிக் மேன் வெம்பன்யாமா வந்தபோது "ஒல்லி உடம்பு, பெயிண்டுக்குள் தள்ளிவிடுவார்கள்" என்று எழுதியவரும் நீங்கள்தான். முதல் சீசனிலேயே ஆட்டத்துக்கு 21.4 புள்ளி போட்டார்.

பெஞ்சுக்காரன்:
தள்ளினார்கள் சார். அதனால்தான் வெளியே போய் நிற்கிறார். 2024-25இல் ஆட்டத்துக்கு 8.8 த்ரீ எறிந்தார். நான் சொன்னது நடந்திருக்கிறது.

பழைய சென்டர்:
ஏழடிக்கு மேல் உயரம் உள்ளவர் அவ்வளவு த்ரீ எறிவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது, அது வேறு விஷயம். நான் சென்டராக ஆடியவன். பின்னால் ஒருவர் முழங்கையை விலாவில் ஊன்றித் தள்ளும்போது, அவர் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று முதுகாலேயே உணர வேண்டும். அதை யாரும் ஒரு கோடை விடுமுறையில் கற்றுக்கொள்ள முடியாது. ஷாட்டை மாற்றியவர்கள் நிறைய உண்டு. இந்த உணர்வு இல்லாமல் வந்து பின்னால் அதைப் பெற்றவர் ஒருவரை எனக்குக் காட்டுங்கள்.

ரீபவுண்ட் ராணி:
இதற்குப் பதில் சொல்லுங்கள் முப்பதடி. எவான் மோப்லி என்ற பிக் மேனைப் பற்றியும் நேற்றே கேட்டேன், அதற்கும் பதில் இல்லை.

முப்பதடி:
மோப்லிக்கு 2024-25இல் த்ரீ 37 சதவீதம். பட்டியலில் மூன்றாவது இடம், படித்துவிட்டுக் கேளுங்கள். ஐயா ஆடியது அவர் காலத்தில். 2025 ப்ளேஆஃபில் (சீசன் முடிவில் நடக்கும் வெளியேற்றச் சுற்று) ராக்கெட்ஸை எதிர்த்து வாரியர்ஸ் என்ன செய்தார்கள்? பெயிண்டை அடைத்தார்கள். ஏழாவது ஆட்டம் சொந்த மைதானத்தில், ராக்கெட்ஸ் எடுத்தது 89 புள்ளிதான்.

பழைய சென்டர்:
அணியே எடுத்த 89ஐ ஒருவர் தலையில் கட்டுகிறீர்கள். வாரியர்ஸின் டிரேமண்ட் கிரீன் மார்போடு மார்பாக நின்றும், அந்தத் தொடரில் போஸ்டில் யாரிடம் பந்து போனது, யாருக்காக இரண்டு ஆள் ஓடி வந்தார்கள்? ஏழு ஆட்டத்தையும் மறுபடி போட்டுப் பாருங்கள். நான் ஒவ்வொன்றாக நிமிடக் கணக்கோடு நாளை இங்கே எழுதுகிறேன்.

முப்பதடி:
எழுதுங்கள். பக்கத்திலேயே 23.3 என்றும் எழுதிவிடுங்கள்.