நேயர் தனக்குப் பிடித்த கர்நாடகப் பாட்டின் கதையைச் சொல்லும் நிகழ்ச்சி: எப்படிப் பேச வைப்பது, எங்கே வெட்டுவது?

வெண்ணாறு கேட்டது:

எங்களுடையது சமுதாய வானொலி. நேயர் ஒருவர் தனக்கு மிகவும் பிடித்த ஒரு கர்நாடகப் பாட்டைச் சொல்லி, அது தன் வாழ்க்கையோடு எப்படி ஒட்டிக்கொண்டது என்று பேச வேண்டும். பிறகு அந்தப் பாட்டு ஒலிக்கும். வாரம் ஒரு முறை, அரை மணி நேரம். முன்னோட்டமாகச் செய்த மூன்றிலும் ஒரே குறை. "மனசுக்கு நிம்மதியா இருக்கும்" என்பதோடு எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். பேச்சு ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம் என்று இரண்டும் ஒட்டாமல் கிடக்கின்றன. நேயர்களில் பெரும்பாலோர் 60 வயதைத் தாண்டியவர்கள். சிலர் அந்தக் காலத்தில் ரேடியோவிலிருந்து பதிந்த கேசட்டையே கொண்டுவருகிறார்கள்.

என்ன கேள்வி கேட்கலாம், பாட்டை எவ்வளவு நேரம் போடலாம், கேசட்டை எப்படி மாற்றுவது, உரிமைச் சிக்கல் உண்டா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

சுருதிப்பெட்டி பதில்:

வணக்கம். "ஏன் பிடிக்கும்?" என்ற கேள்வியை முதலில் எடுத்துவிடுங்கள். அதற்கு நிம்மதி, பக்தி, இனிமை என்ற மூன்று சொற்களைத் தவிர வேறு பதில் வராது. இடத்தைக் கேளுங்கள். ரேடியோ வீட்டில் எந்த மூலையில் இருந்தது? யார் திருப்புவார்கள்? பாட்டு வந்தபோது கை என்ன வேலை செய்துகொண்டிருந்தது? பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? இந்த நான்குக்கும் பதில் வந்துவிட்டால் கதை தானாக வந்துவிடும்.

அடுத்து, நேயருக்குப் பிடித்தது முழுப் பாட்டு அல்ல, பெரும்பாலும் அதில் ஒரு வரிதான். சில சமயம் ஒரே ஒரு சங்கதி, அதாவது அந்த வரியை மாற்றிப் பாடும் ஒரு வளைவு. அதைக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் முதல் வேலை. "ஒரு வரி முணுமுணுங்கள்" என்று கேளுங்கள். பல்லவியை விட்டுவிட்டுச் சரணத்தின் நடுவிலிருந்து அவர் தொடங்கினால், அதுதான் அவருடைய இடம். குறித்துக்கொள்ளுங்கள்.

"குறை ஒன்றும் இல்லை"யை எடுத்துக்கொள்வோம். ராஜாஜி எழுதியது, கடையநல்லூர் வெங்கடராமன் மெட்டமைத்தது. சிவரஞ்சனியில் தொடங்கி, காபி வழியாகச் சிந்து பைரவியில் முடியும் ராகமாலிகை. நேயர் கண் கலங்கிப் பேசியது கடைசிச் சரணத்தைப் பற்றி என்றால், நேரமில்லை என்று முதல் இரண்டு நிமிடத்தைப் போட்டு நிறுத்துவது அவரை ஏமாற்றுவதாகும். அவர் சொன்ன இடம் சிந்து பைரவியில் இருக்கிறது. நீங்கள் சிவரஞ்சனியிலேயே மூடிவிட்டீர்கள். பேச்சும் பாட்டும் ஒட்டாததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

யார் பாடியது என்பதையும் விடாமல் கேளுங்கள். தியாகராஜரின் "நகுமோமு" பிடிக்கும் என்றால் போதாது. ஆண் குரலா, பெண் குரலா? ஆலாபனை இருந்ததா? நிரவல் (ஒரே வரியைப் பல விதமாக விரித்துப் பாடுவது), ஸ்வரம் உண்டா? பழைய 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கம் மூன்று, மூன்றரை நிமிடம்தான். நிரவலைப் பற்றி நேயர் விரிவாகப் பேசுகிறார் என்றால் அவர் கேட்டது தட்டு அல்ல, கச்சேரி. வேறொருவர் பாடிய பதிவைப் போட்டால் "இது இல்லீங்க" என்பார். அவர் சொல்வது சரி.

பேட்டியின் கடைசியில் அந்தப் பதிவை அவருக்கு ஹெட்போனில் போட்டுக் காட்டுங்கள். உங்கள் பதிவுக் கருவி ஓடிக்கொண்டே இருக்கட்டும். பாட்டு முடிந்ததும் ஐந்து விநாடி வாயைத் திறக்காதீர்கள். அந்த மௌனத்துக்குப் பிறகு வரும் வாக்கியம், முன்பு அரை மணி நேரம் பேசியதைவிட உண்மையாக இருக்கும். நிகழ்ச்சியை அந்த வாக்கியத்தில் தொடங்குங்கள்.

ஆண்டுகளைச் சரிபார்த்துவிடுங்கள். சென்னை நிலையம் 1938 ஜூனிலும் திருச்சி நிலையம் 1939 மே மாதத்திலும்தான் தொடங்கின. "1935இல் தாத்தா திருச்சி ரேடியோவில் கேட்டார்" என்று ஒருவர் சொன்னால் நினைவு சற்று நழுவியிருக்கிறது. பேச்சில் அந்த ஆண்டை மட்டும் வெட்டிவிட்டால் போதும்; அவரைத் திருத்த வேண்டாம். பாட்டு பிறந்த கதைகளுக்கும் இதே எச்சரிக்கை வேண்டும். திருவையாற்றில் தியாகராஜரைப் பார்க்கப் போன கோபாலகிருஷ்ண பாரதியார், அங்கே ஆபோகியைக் கேட்டு அதே ராகத்தில் "சபாபதிக்கு வேறு தெய்வம்" பாடினார் என்பது தலைமுறைகளாகச் சொல்லப்படுவது. அழகான கதை, தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அறிவிப்பாளர் வாயில் "என்று சொல்வார்கள்" இருக்க வேண்டும்.

நாலுகளை பதில்:

வெட்டும் இடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அரை மணி நேரத்தில் அறிவிப்பு, அடையாள இசை போக 28 நிமிடம் கையில் நிற்கும். இரண்டு நேயர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்குப் பேச்சு ஐந்து நிமிடம், பாட்டு ஏழு எட்டு நிமிடம். பேச்சு ஆறைத் தாண்டினால் கேட்பவர் பாட்டுக்காகப் பொறுமை இழந்துவிடுவார்.

சாகித்யத்தின், அதாவது பாட்டின் சொற்களின், மேல் பேச்சை ஏற்றாதீர்கள். இரண்டு பக்கமும் சொற்கள் இருந்தால் காதுக்கு இரண்டுமே போய்ச் சேராது. ஆலாபனையின் கீழோ வயலின் தனியாக வரும் இடத்திலோ பேசலாம். அப்போது பாட்டைப் பேச்சைவிட 15 முதல் 18 டெசிபெல் தாழ்த்துங்கள்.

குறைத்து நிறுத்துவது என்றால் பல்லவி திரும்பி வந்து அறுதியில் (முடியும் இடத்தில்) உட்கார்ந்த பிறகு, மூன்று நான்கு விநாடியில் இறக்குங்கள். அனுபல்லவியின் நடுவே இறக்கினால் ராகம் மேல் ஷட்ஜத்தை நோக்கி ஏறிக்கொண்டிருக்கும்போது அறுபடும். இசை தெரியாதவருக்கும் அது உறுத்தும். எடுப்பையும், அதாவது பாட்டு தொடங்கும் இடத்தையும், கவனியுங்கள். பல பாட்டுகள் சமத்தில் (தாளத்தின் முதல் அடியில்) தொடங்குவதில்லை, அரை இடமோ முக்கால் இடமோ தள்ளி எடுக்கும். திரையில் மிருதங்க அடியின் உயரமான கோட்டைப் பார்த்து அங்கே வெட்டினால் முதல் எழுத்து போய்விடும். கண்ணை நம்பாமல் தாளம் போட்டுக்கொண்டே வெட்டுங்கள்.

கட்டை என்பது பாடுபவர் வைத்துக்கொள்ளும் சுருதியின் உயரம். ஒரு கட்டையில் பாடும் ஆண் குரலுக்கு அடுத்து உடனே ஐந்து கட்டையில் பெண் குரல் வந்தால் காது தடுமாறும். நடுவில் பேச்சு வேண்டும், குறைந்தது இரண்டு விநாடி வெறுமை வேண்டும். பேச்சுக்குக் கீழே தம்புரா ஓட விடுகிறீர்கள் என்றால் அது அடுத்து வரும் பாட்டின் சுருதியில் இருக்கட்டும்.

ஒலி அளவை உச்சத்தை வைத்துச் சமன் செய்யாதீர்கள். மிருதங்கத்தின் ஒரு சாப்பு உச்சத்தைத் தொட்டுவிடும், பாடகர் குரல் கீழே கிடக்கும், பேச்சு மட்டும் கத்தும். ஆடாசிட்டி என்ற ஒலி வெட்டும் மென்பொருளிலேயே, காதுக்குக் கேட்கும் அளவை வைத்துச் சமன் செய்யும் லவுட்னஸ் நார்மலைசேஷன் இருக்கிறது. பேச்சை மைனஸ் 18, பாட்டை மைனஸ் 20 எல்யூஎஃப்எஸ் (அந்தக் கேட்கும் அளவின் அலகு) என்று வைத்துக் கேட்டுப் பாருங்கள்.

வெண்ணாறு:

மிக்க நன்றி. வெளியூர் நேயர்கள் போனில்தான் பேச முடியும். போனில் முணுமுணுக்கச் சொன்னால் பாட்டு விட்டுவிட்டு வருகிறது. பேச்சு சரியாகவே இருக்கிறது. ஏன்?

சுருதிப்பெட்டி:

போன் அழைப்பில் இரைச்சலை நீக்கும் வசதி எப்போதும் வேலை செய்துகொண்டிருக்கும். ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடித்தால் அதை மின்விசிறிச் சத்தம் என்று எடுத்துக்கொண்டு அமுக்கிவிடும். பேச்சு ஏறி இறங்குவதால் தப்பிக்கிறது. அழைப்பைப் பதியவே வேண்டாம். அவருடைய போனிலேயே உள்ள ரெக்கார்டர் செயலியில் பேசிப் பதிந்து, கோப்பை வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குரல் செய்தியாக அனுப்பினால் அழுத்திச் சுருக்கிவிடும். நீங்கள் அவரை வேறொரு போனில் அழைத்துக் கேள்வி கேட்கலாம். அவர் அதை இயர்போனில் கேட்கட்டும், இல்லாவிட்டால் உங்கள் குரலும் பதிவில் ஏறிவிடும்.

ரெக்கார்டர் ஓடும் போன் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, உதட்டோரமாக இருக்கட்டும். நேர் எதிரே வேண்டாம். ஏரோபிளேன் மோடில் போட்டுவிட வேண்டும். மின்விசிறியை நிறுத்தச் சொல்லுங்கள், ஃபிரிட்ஜ் இருக்கும் அறை வேண்டாம். துணி அடுக்கிய பீரோவைத் திறந்து வைத்து அதன் முன் உட்கார்ந்தால் எதிரொலி பெருமளவு குறையும். பேசி முடித்ததும் அந்த அறையின் வெறும் சத்தத்தை முப்பது விநாடி பதியச் சொல்லுங்கள். இருமலையும் தடுமாற்றத்தையும் வெட்டிய இடத்தில் நிரப்ப அது தேவைப்படும்.

நாடா பதில்:

கேசட் விஷயம். வந்ததும் ஓட விடாதீர்கள். முதலில் ஜன்னல் வழியாகச் சுருளைப் பாருங்கள். விளிம்பில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சை. நம் ஊர் ஈரப்பதத்தில் சகஜம். அதை அப்படியே ஓட்டினால் ஹெட்டில் (நாடாவைப் படிக்கும் முனையில்) ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். தனியாக வையுங்கள். இல்லையென்றால், நாடா ஹெட்டைத் தொடும் இடத்தில் சின்னதாக ஒரு பஞ்சுத் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். பசை காய்ந்து அது விழுந்திருந்தால் ஒலி மங்கி, ஏறி இறங்கும். திருகு வைத்த வேறு கேசட் கூட்டுக்குள் நாடாவை மாற்றிவிடலாம்.

பிறகு ஒரு முறை முழுவதும் முன்னோட்டி, முழுவதும் பின்னோட்டுங்கள். பல ஆண்டுகள் இறுகிக் கிடந்த சுற்று தளரும். ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ஒவ்வொரு கேசட்டுக்கு முன்பும் துடையுங்கள். ஒலி மந்தமாக இருந்தால் ஹெட்டின் ஓரத்தில் உள்ள சிறு திருகை மிக மெதுவாகத் திருப்பி, கூரிய, உயர்ந்த சத்தம் எங்கே தெளிகிறதோ அங்கே நிறுத்துங்கள். கணினியில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பாகப் பதியுங்கள். உச்சம் மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபெல்லுக்கும் இடையில் இருக்கட்டும்.

வேகம்தான் பெரிய வம்பு. வீட்டு டேப் ரெக்கார்டர்கள் பலவும் கூடவோ குறையவோ ஓடியவை. பாடகரின் வழக்கமான சுருதி தெரிந்தால் அதுவே அளவுகோல். ஒருவர் எப்போதும் ஒரு கட்டையில் பாடுபவர், கேசட்டில் ஒன்றரைக் கட்டையில் கேட்கிறது என்றால் நாடா ஏறத்தாழ 6 சதவீதம் வேகமாக ஓடுகிறது. கணினியில் வேகத்தை அவ்வளவு குறையுங்கள். சுருதியை மட்டும் மாற்றும் கருவியைத் தொடாதீர்கள். காலப்பிரமாணமும் (பாட்டின் ஓட்ட வேகமும்) சேர்ந்தே இறங்க வேண்டும். கேசட்டில் பதிந்திருக்கும் மின்சார உறுமலை 50 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டு சரி செய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். அந்தக் காலத்தில் நம் பக்கத்து மின்சாரம் 50இல் நிற்காது, 48 வரைகூட இறங்கும். அதை நம்ப வேண்டாம்.

இரைச்சல் நீக்கியை அளவோடு வையுங்கள். 6 டெசிபெல்லுக்கு மேல் போனால் தம்புராவின் ஜீவாவையே, அதாவது அதன் ரீங்காரத்தையே, இரைச்சல் என்று துடைத்துவிடும். கொஞ்சம் உஸ்ஸென்ற சத்தம் இருக்கட்டும். நேயர் இத்தனை ஆண்டுகளாகக் கேட்டதும் அந்தச் சத்தத்தோடுதான்.

ரேடியோ ஒலிபரப்பின் உரிமை 25 ஆண்டுதான். அதைவிடப் பழைய கேசட் என்றால் தாராளமாகப் போடலாம்.

ஏட்டுச்சுவடி பதில்:

நாடா சார் கேசட்டைப் பற்றிச் சொன்னதெல்லாம் பொன்னானவை. கடைசி வரியை மட்டும் திருத்த வேண்டும். 25 ஆண்டு என்பது ஒலிபரப்பு நிறுவனத்தின் உரிமை மட்டும். அதே நாடாவில் பாடியவருக்கும் வாசித்தவர்களுக்கும் தனி உரிமை உண்டு. அது 50 ஆண்டு. பாட்டை எழுதியவர், மெட்டமைத்தவர் உரிமை அவர்கள் மறைந்து 60 ஆண்டு. வெளியான இசைத்தட்டு என்றால் வெளியீட்டிலிருந்து 60 ஆண்டு. எல்லாமே அடுத்த ஜனவரி 1 முதல் எண்ணப்படும். ஆக 1960இல் வந்த தட்டின் ஒலிப்பதிவு உரிமை 2020 முடிவோடு தீர்ந்தது.

பாட்டு வாரியாகப் பாருங்கள். தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி, கோபாலகிருஷ்ண பாரதியார், அருணாசலக் கவிராயர் ஆகியோரின் சாகித்யங்களுக்குத் தடையே இல்லை. பாரதியார் பாடல்களை அரசு 1949இலேயே நாட்டுடைமையாக்கிவிட்டது, அவற்றுக்கும் தடையில்லை. பிற்காலத்தில் ஒருவர் போட்ட மெட்டுக்கு மட்டும் தனிக் கணக்கு. ராஜாஜி மறைந்தது 1972, எனவே "குறை ஒன்றும் இல்லை"யின் வரிகளுக்கு 2032 முடிய உரிமை உண்டு. பாபநாசம் சிவன் மறைந்தது 1973, அவருக்கு 2033 முடிய. "என்ன தவம் செய்தனை" ஊரெல்லாம் பாடுவதால் பழம்பாடல் என்று நினைத்துவிடுவார்கள், அது சிவன் பாட்டு.

உரிமத்துக்கு வழியில்லாத இடத்தில் உள்ளூர் வாய்ப்பாட்டு ஆசிரியரையோ நாகஸ்வரக்காரரையோ அழைத்து, எழுத்தில் சம்மதம் வாங்கி, மும்மூர்த்திகள் (தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி) பாட்டை உங்கள் ஒலிப்பதிவுக் கூடத்திலேயே பதியுங்கள். சமுதாய வானொலி விதிப்படி நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்கள் பங்கேற்று உருவாக வேண்டும். அந்தக் கணக்கிலும் இது சேரும். ஒலிபரப்பியதை மூன்று மாதம் பத்திரப்படுத்தவும் வேண்டும்.

நேயரிடம் வாங்கும் ஒப்புதல் படிவத்தில் மூன்று விஷயம் இருக்கட்டும். பெயரையும் ஊரையும் சொல்லலாமா என்பது ஒன்று. கதையில் வரும் மற்றவர்களின் பெயரை வைப்பதா நீக்குவதா என்பது இன்னொன்று. இறந்துபோன மகனைப் பற்றியோ பிரிந்துபோன கணவரைப் பற்றியோ பேசிவிட்டு, வீட்டுக்குப் போன பிறகு வேண்டாமென்று தோன்றுவோர் உண்டு. வெட்டி முடித்ததை ஒலிபரப்புக்கு இரண்டு நாள் முன்பு அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். மூன்றாவது, இணையத்தில் ஏற்றலாமா என்பது. வானொலியில் ஒலிப்பதற்குத் தரும் சம்மதம் அதற்குச் செல்லாது, அதற்குத் தனி வரி, தனிக் கையெழுத்து.