மோடம்: இணக்கியா, பண்பேற்றிறக்கியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கணினித் தரவைத் தொலைபேசி போன்ற இணைப்புகள் வழியாக அனுப்பவும் பெறவும் உதவும் கருவியான மோடத்துக்கு ‘இணக்கி’ என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு கருத்து முன்வைக்கப்பட்டது. அது எளிய, இனிய சொல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொருந்தாத இரண்டைப் பொருந்தச் செய்யும் எந்தக் கருவியையும், சாதாரண அடாப்டரைக்கூட, இணக்கி என்று அழைத்துவிட முடியும். மோடத்தின் வேலை அவ்வளவு பொதுவானதன்று. அந்த வேலையை நெருங்கிப் பார்த்துவிட்டுச் சொல்லுக்கு வருவோம்.

பழைய தொலைபேசி இணைப்பு மனிதக் குரலுக்காக அமைந்தது; ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளையே அது ஒழுங்காகக் கடத்தும். கணினியின் 0, 1 துடிப்புகளை அப்படியே அதில் விட்டால் மறுமுனையில் உருக்குலைந்துதான் போய்ச் சேரும். ஆகவே மோடம், தரவைச் சுமந்து செல்லும் ஓர் ஊர்தி அலையை எடுத்துக்கொண்டு, அதன் அதிர்வெண்ணையோ வீச்சையோ (உயரம்) கட்டத்தையோ (சுழற்சியில் அலை இருக்கும் நிலை) பிட்டுகளுக்கு ஏற்ப மாற்றி அனுப்புகிறது. எதிர்முனை மோடம் அந்த மாற்றங்களைப் படித்துப் பிட்டுகளை மீட்டெடுக்கிறது. 1962-இல் வந்த பெல் 103 மோடத்தில் அழைக்கும் பக்கம் 1-க்கு 1270 ஹெர்ட்ஸ், 0-க்கு 1070 ஹெர்ட்ஸ் ஒலியை எழுப்பும்; பதில் சொல்லும் பக்கம் 2225, 2025 என்ற வேறு இரண்டு ஒலிகளைப் பயன்படுத்தும் என்பதால், இரு பக்கமும் ஒரே இணைப்பில் ஒரே நேரத்தில் பேச முடிந்தது. வேகம் நொடிக்கு 300 பிட். ‘மோடம்’ என்ற சொல் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் 15 பைட்; தொடக்க பிட், முடிவு பிட் சேர்த்து பைட்டுக்குப் பத்து பிட் என்று கொண்டால், இந்த மூன்றெழுத்துச் சொல் போய்ச் சேர அரை நொடி ஆகும்.

வேகம் கூடிய விதம் நம் விவாதத்துக்கு இன்னும் முக்கியமானது. நொடிக்கு 2400 பிட் வேகம் கொண்ட, வி.22பிஸ் என்ற தரத்தில் அமைந்த மோடம், அலையை நொடிக்கு 600 முறைதான் மாற்றியது. ஆனால் வீச்சையும் கட்டத்தையும் சேர்த்து 16 வெவ்வேறு நிலைகளை அமைத்ததால், ஒவ்வொரு மாற்றமும் நான்கு பிட்டுகளைச் சுமந்தது. முன்னேற்றம் பெரும்பாலும் அலையின் பண்புகளை நுட்பமாகக் கையாண்டதில்தான் இருந்தது. அந்தப் ‘பண்பு’ சொல்லில் இடம்பெற வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. தரவுக்கேற்ப அலையை மாற்றுவதைப் பண்பேற்றம் (modulation), அந்த அலையிலிருந்து தரவை மீட்பதைப் பண்பிறக்கம் (demodulation) என்று பள்ளிப் பாடநூல்கள் நமக்கு முன்பே வழி போட்டுவிட்டன.

சுருக்கம் கருதிப் ‘பண்பி’ என்று சொல்லலாமே என்று தோன்றக்கூடும். நம் இலக்கண மரபில் பண்பி என்பது பண்பை உடைய பொருள். இங்கே பண்பை உடையது அலை. கருவி அதை ஏற்றவும் இறக்கவும் மட்டுமே செய்கிறது. வெறும் ‘ஏற்றிறக்கி’ என்றாலோ, பதிவேற்றம், பதிவிறக்கம் ஆகியவற்றோடு குழம்பிவிடும். எனவே ‘பண்பேற்றிறக்கி’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். பண்பேற்று + இறக்கி என்று பிரித்தால் ஈற்று உகரம் கெட்டு இயல்பாகப் புணர்கிறது. ‘பண்பேற்றியிறக்கி’ என்று நீட்ட வேண்டியதில்லை.

மடிக்கணினிகளில் வரும் மோடம் வகைகளோடு இச்சொல்லைப் பொருத்திப் பார்த்தேன். 85.6 மி.மீ. நீளமும் 54 மி.மீ. அகலமும் கொண்டு, பழைய மடிக்கணினிகளின் பக்கத் துளையில் செருகப்பட்ட பிசி கார்டு மோடத்தை ‘அட்டைப் பண்பேற்றிறக்கி’ என்றும், தாய்ப்பலகையோடு இணைந்து வருவதை ‘அகப் பண்பேற்றிறக்கி’ என்றும், சிம் கார்டு போட்டு யுஎஸ்பி துளையில் செருகுவதைச் ‘செருகு பண்பேற்றிறக்கி’ என்றும் சொல்லலாம். இன்றைய சில மடிக்கணினிகளில் எம்.2 என்ற சிறு அட்டையாக உள்ளே அமரும் செல்பேசி மோடமும் அக வகையில் அடங்கும். அலையைக் கணக்கிடும் வேலையைக் கணினியின் மையச் செயலியிடமே விட்டுவிடும் மலிவான மோடங்களுக்கு ‘மென்பண்பேற்றிறக்கி’ பொருந்தும். அவற்றுக்குரிய இயக்கி மென்பொருள் இல்லாத இயங்குதளத்தில் அவை வெறும் தகடுகளே.

சொல் நீளம் என்ற குறை உண்மையானது. பேச்சில் மோடம் நிலைத்திருப்பதை நான் எதிர்க்கவில்லை; பாடநூலிலும் அகராதியிலும் செயலை விளக்கும் சொல் வேண்டும் என்பதே என் வேண்டுகோள். இணைப்புப் பெட்டி முழுவதையும் மோடம் என்று அழைக்கும் பழக்கமும் பரவியிருக்கிறது. அந்தப் பெட்டியில் தரவுக்கு வழிகாட்டும் பகுதி திசைவி. ஊர்தி அலையைக் கையாளும் பகுதிதான் மோடம். ‘இணக்கி’ என்ற சொல் அந்த வேறுபாட்டைக் காட்டாது.

அகராதிப் பதிவு இப்படி அமையலாம்: பண்பேற்றிறக்கி (பெயர்ச்சொல்) – எண்முறைத் தரவுக்கேற்ப ஊர்தி அலையின் பண்புகளை மாற்றி அனுப்பியும், வந்த அலையிலிருந்து தரவை மீட்டும் தரும் கருவி, மோடம். இதில் திருத்தம் வேண்டுவோர் மாற்றுச் சொல்லோடு அதன் வகைப் பெயர்களையும் சேர்த்து எழுதினால் ஒப்பிட எளிதாக இருக்கும்.