40 நிமிஷத்தில் ஜெலாட்டோவாம்!

மத்து:
நேற்று இங்கே ஒரு மகானுபாவர் எழுதியிருந்தார்: "வீட்டிலேயே ஜெலாட்டோ, அதாவது இத்தாலிய ஐஸ்கிரீம், போடுகிற மெஷின் வாங்கிட்டேன். 40 நிமிஷத்தில் கடை ஜெலாட்டோ அப்படியே. இனி கடைப் பக்கமே போக மாட்டேன்." படித்ததிலிருந்து எரிகிறது. மூன்று வருஷமாக மெஷின் வைத்திருக்கிறவன் நான். பாலைக் காய்ச்சணும், மஞ்சள் கரு போட்டால் 82 டிகிரி வரை கைவிடாமல் கிண்டணும், வடிகட்டி ஆறவிடணும், ஃப்ரிட்ஜில் ஒரு ராத்திரி வைக்கணும். அப்புறம்தான் மெஷின். அதிலிருந்து வருவதும் தளதளவென்றுதான் இருக்கும். ஃப்ரீசரில் இரண்டு மணி நேரம் இருந்தால்தான் கரண்டியில் நிற்கும். உழுதது, விதைத்தது, களையெடுத்தது எல்லாம் விட்டுவிட்டு அறுத்த நேரத்தை மட்டும் கணக்குச் சொல்கிற கதை இது.

பனித்துளி:
அந்த மகானுபாவர் நான்தான். பேர் சொல்லியே திட்டலாம், தைரியம் இருந்தால். மெஷினில் ஊற்றியது 7:10. எடுத்தது 7:50. கழிக்கத் தெரியும்தானே? என்னுடையது ஃப்ரிட்ஜ் மாதிரி தானே குளிரூட்டுகிற கம்ப்ரசர் வைத்தது. கிண்ணத்தை முதல் நாளே ஃப்ரீசரில் போட்டு 24 மணி நேரம் காத்துக் கிடக்கிற உங்க சட்டி இல்லை.

மத்து:
என்னிடம் இருப்பதும் கம்ப்ரசர்தான் ஐயா. தூக்கினால் இடுப்பு பிடிக்கிற கனம். கம்ப்ரசர் என்றால் பால் தானாகக் காய்ந்து தானாக ஆறிவிடுமா? 40 நிமிஷம் என்றீர்களே, அதற்குப் பதில் சொல்லுங்க.

அரைக்கரண்டி:
முதலில் ஜெலாட்டோ என்றால் என்ன என்று ஒரு முடிவுக்கு வரலாமா? ஐஸ்கிரீமைவிடப் பால் கூட, க்ரீம் குறைவு. கொழுப்பு பெரும்பாலும் 4 முதல் 9 சதவீதத்துக்குள். காற்றும் குறைவு. கடையில் -12 டிகிரி வாக்கில் வைத்துக் கொடுப்பார்கள், வீட்டு ஃப்ரீசரோ -18. இதைப் பேசாமல் "கடை ஜெலாட்டோ அப்படியே" என்பதற்கு அர்த்தமே இல்லை.

மத்து:
அதெல்லாம் இருக்கட்டும். 40 நிமிஷம்?

பனித்துளி:
40 நிமிஷம்தான். இன்னும் நூறு தடவை கேட்டாலும் 40 நிமிஷம்தான். மெஷின் சுற்றுகிற நேரத்தைத்தான் சொன்னேன் என்பது பச்சைக் குழந்தைக்கும் புரியும்.

மத்து:
சரி, உங்க கணக்குக்கே வருகிறேன். கடையில் இருக்கிற பெரிய மெஷின் சுமார் 10 நிமிஷத்தில் உறைய வைத்துவிடும். வேகமாக உறைந்தால் பனிப்படிகம் பொடியாக இருக்கும், நாக்கில் வழவழவென்று போகும். வீட்டு மெஷின் 40 நிமிஷம் முக்கி முக்கிச் சுற்றுவதற்குள் படிகம் வளர்ந்துவிடும். அப்போ நீங்க மார்தட்டுகிற அந்த 40 நிமிஷம்தான் மெஷினின் பெரிய குறையே!

பனித்துளி:
ஹா ஹா. காலையில் "40 நிமிஷத்தில் ஆகவே ஆகாது" என்றீங்க. இப்போ "40 நிமிஷம் ரொம்ப அதிகம்" என்கிறீங்க. எது உங்க கட்சி? ரொட்டி மெஷின் பற்றிப் பேசினபோதும் இதே மாதிரிதான் பல்டி அடிச்சீங்க. நான் மறக்கவில்லை.

மத்து:
ரொட்டியை ஏன் இழுக்கிறீங்க? அதில் ஈஸ்ட் செத்துப் போனதே உங்களாலே. சுடு பாலை ஊற்றினது யார்?

வெண்ணிலா:
சண்டைக்கு நடுவே ஒரு சந்தேகம். மெஷினை எடுத்து வரும்போது காரில் படுக்க வைத்துவிட்டோம். உடனே போடலாமா?

அரைக்கரண்டி:
வேண்டாம். நிமிர்த்தி ஒரு நாள் விடுங்க, கம்ப்ரசர் எண்ணெய் திரும்ப இறங்கட்டும்.

மத்து:
பார்த்தீங்களா, அதற்கே ஒரு நாள்! 40 நிமிஷமாம்.

பனித்துளி:
ஏன் வாங்கினேன் என்று யாராவது கேட்டீங்களா? என் பையனுக்குக் கொட்டைப் பருப்பு ஒத்துக்கொள்ளாது. கடையில் பிஸ்தா தொட்டியில் முக்கிய கரண்டியே அடுத்த தொட்டிக்கும் போகும். வீட்டில் என்ன போகிறதென்று எனக்குத் தெரியும். சர்க்கரையையும் பாதியாகக் குறைத்துத்தான் போடுகிறேன். மெஷினை நிறுத்தினதும் கலக்குகிற துடுப்பில் ஒட்டியிருப்பதை அவன் வழித்துத் தின்பான் பாருங்க, அது எந்தக் கடையிலும் கிடைக்காது.

மத்து:
பையன் விஷயம் நியாயம், அதில் வாதம் இல்லை. ஆனால் சர்க்கரை பாதியா? மறுநாள் அதைக் கரண்டியால் எடுத்தீங்களா, சுத்தியலாலா? சர்க்கரை இனிப்புக்கு மட்டும் என்று நினைத்தீங்களா? உறையும் புள்ளியை இறக்குவதே அதுதான். குறைத்தால் செங்கல். வேண்டுமானால் ஒரு பங்கை டெக்ஸ்ட்ரோஸாக (குளுக்கோஸ் பவுடர்) மாற்றிப் பாருங்க. இனிப்பும் குறையும், மெதுமெதுவென்றும் இருக்கும். நான் இரண்டு ஸ்பூன் பால் பவுடரும் போடுவேன், தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். இதையெல்லாம் மூன்று வருஷம் தப்புத் தப்பாகச் செய்து கற்றுக்கொண்டேன். முதல் மாதம் கிண்ணத்துச் சுவரில் ஒரு ஓடு மாதிரி உறைந்து ஒட்டிக்கொண்டது, நடுவில் குழம்பு, துடுப்பு டக் டக்கென்று அடித்துக்கொண்டு நின்றது. கலவை ஆறாமல் ஊற்றியதன் பலன். உங்களை மாதிரி 40 நிமிஷத்தில் முடிக்க நினைத்ததால் வந்தது.

தூக்கக்காரன்:
எங்க வீட்டில் கிண்ணம் கழற்றவே வராத மெஷின். ஈரத்துணியால் பத்து தடவை துடைக்கணும். சத்தம் வேறு. ராத்திரி ஓட விட்டால் பக்கத்து அறையில் தூங்க முடியாது. இப்போ அதன் மேல் துணி மடித்து வைக்கிறோம்.

பனித்துளி:
வாங்குமுன் கழற்றுகிற கிண்ணமா என்று பார்த்திருக்கணும். எங்களுடையது கழற்றிக் கழுவலாம். ஒரு ஈடு முடிந்ததும் அடுத்த ஈடு உடனே போடலாம்.

தூக்கக்காரன்:
நான் உங்களிடம் புத்திமதி கேட்டேனா?

வெண்ணிலா:
எழுதுவது ஜெலாட்டோவா, ஜெலட்டோவா?

மத்து:
ஜெலாட்டோ. எனக்கு இன்னும் பதில் வரவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

பனித்துளி:
பதிலா? இப்போ மணி 8:05. எலுமிச்சை சோர்பே (sorbet), முட்டையும் இல்லை பாலும் இல்லை. பாகு நேற்றே காய்ச்சி ஃப்ரிட்ஜில் இருக்கிறது. ஊற்றியாச்சு. 8:45-க்குக் கடிகாரத்தோடு படம் போடுகிறேன். கண்ணைக் கழுவிக்கொண்டு வாங்க.

மத்து:
"நேற்றே காய்ச்சி." எல்லாரும் ஒரு தடவை சத்தமாகப் படியுங்க. நேற்றே. காய்ச்சி.

அரைக்கரண்டி:
பால் இல்லையென்றால் அது ஜெலாட்டோவே இல்லையே... யாராவது கேட்கிறீங்களா?

பனித்துளி:
8:31. கெட்டியாகிவிட்டது. 26 நிமிஷம்!

மத்து:
எப்போதிலிருந்து?